ஈரைப் பேனாக்க வேண்டாம், கலை

அன்பு மகள் கலைக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நேற்று போனில் நீ அழுதுகொண்டே பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதிக்குப் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் உன் மாமியார் அனுப்பும் வீடியோக்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாப்பா தலையில் பேன். விஷயம் அவ்வளவுதான். அதற்குள் பள்ளிக்கூடத்தில் தலை சுத்தமாகும்வரை அனுப்ப வேண்டாம் என்று டைரியில் எழுதிவிட்டார்கள். மாமியார் மொட்டை என்கிறார். நீயோ வீட்டு வேலைக்கு வரும் அக்காவை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறாய்.

முதலில் அந்த அக்கா விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மனசு கேட்காதது அதுதான். அவர் மகள் சாயங்காலம் வந்து பாப்பாவோடு தரையில் படுத்துக் கலர் அடிப்பாள், அவளிடமிருந்துதான் ஒட்டியது என்கிறாய். எப்படிச் சொல்கிறாய்? பேன் கடிக்கும்போது வலிக்காது. அதன் எச்சில் நம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதால்தான் அரிப்பு வருகிறது. முதல் தடவை பேன் பிடித்த குழந்தைக்கு அந்த அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம்கூட ஆகும். பாப்பா போன வாரம்தான் சொறிய ஆரம்பித்தாள் என்றால், பேன் ஏறியது தசரா லீவுக்கு முன்னாலேயேகூட இருக்கலாம். அதற்குப் பிறகு பள்ளி வேன், டான்ஸ் கிளாஸ், உன் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் பிள்ளைகள் எல்லாம் ஒரே அறையில் உருண்டு படுத்தது என்று எத்தனை தலையோடு அவள் தலை சேர்ந்திருக்கும்? பாப்பாவிடமிருந்து அந்தப் பிள்ளைக்குப் போயிருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளையின் தலையை நீ பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, கலை.

இல்லாதவர் வீட்டுக்கும் அழுக்குத் தலைக்கும்தான் பேன் வரும் என்பது, படித்தவர்களும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை. பேனுக்கு வேண்டியது ரத்தம், சூடு, பிடித்துக்கொள்ள முடி. தினமும் ஷாம்பு போட்ட தலையிலும் அது மூன்றும் உண்டு. இஸ்ரேலில் லாகீஷ் என்ற பழைய ஊரில் தோண்டியபோது கிடைத்த ஒரு சீப்பைப் பற்றிப் படித்தேன். ஏறக்குறைய 3,700 வருஷம் பழையது. ஒரு பக்கம் சிக்கெடுக்கப் பெரிய பற்கள், மறுபக்கம் பேன் எடுக்கச் சின்னப் பற்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்று அதில் பொறித்திருப்பதை 2022-இல் வாசித்துச் சொன்னார்கள். சீப்பு யானைத் தந்தத்தில் செய்தது. கூலி வேலை செய்கிறவன் அந்தக் காலத்தில் தந்தச் சீப்பு வைத்திருப்பானா? வசதியான வீட்டுத் தலைதான்.

உடம்புச் சூட்டில் பேன் உண்டாகும், ஈரத்தலையோடு பின்னினால் உண்டாகும் என்று உன் மாமியார் சொன்னாராம். ஈரத்தலையோடு பின்னினால் நாற்றம் வரும், பேன் வராது. ஒரு பேன் இட்ட ஈரிலிருந்துதான் இன்னொரு பேன் வரும். அதுவும் நடந்துதான் வரும். அதற்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. தெள்ளுப்பூச்சி குதிப்பதைப் பார்த்துவிட்டு இதையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். தலையும் தலையும் ஒட்டியிருக்கும் நேரத்தில் ஒரு முடியிலிருந்து அடுத்த முடிக்கு ஏறிக்கொள்ளும். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்ததால் வராது. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் தலை சேர்த்துப் பார்த்தால் வரும். சீப்பு, தொப்பி வழியாக வருவது குறைவு. நாய் பூனையிடமிருந்து வரவே வராது. எதிர் பிளாட் நாய்க்குட்டியைத் திட்டாதே.

நம்ப முடியாவிட்டால் இதைச் செய். வாரும்போது சிக்குகிற பேன் ஒன்றை வெள்ளைத் தாளில் விட்டு, பால்கனி வெளிச்சத்தில் பாப்பாவையும் உட்கார வைத்துப் பார். எள்ளளவுதான் இருக்கும். ஆறு கால், ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரு கொக்கி. அந்தக் கொக்கி முடியைக் கவ்வுவதற்கென்றே அமைந்தது. முடியில் விறுவிறுவென்று ஓடுகிற பேன், வழவழப்பான தாளில் பிடி கிடைக்காமல் தடுமாறும். அப்போதுதான் ரத்தம் குடித்திருந்தால் வயிற்றில் கருஞ்சிவப்பாகத் தெரியும். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும். "பேன் தூக்கிக்கொண்டு போய்விடும்" என்று சின்ன வயதில் உங்களை மிரட்டிய ஆச்சி, அந்தப் பேச்சைப் பாப்பாவிடம் தொடங்காமல் பார்த்துக்கொள்.

பள்ளிக்கூடம் சொன்னதற்காக ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்கிறாயே, அது தேவையே இல்லை. அரிப்பே ஆரம்பிக்காமல் ஒரு மாதமாக அதே பேனோடுதானே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்? இன்று ஒருநாள் நிறுத்துவதால் என்ன மாறிவிடப் போகிறது? அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே, பேனுக்காகவோ ஈருக்காகவோ எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நிறுத்தக்கூடாது என்கிறது. தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதில்லை. டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடுப்பில் வாழும் உடல்பேன். 1909-இல் சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு டாக்டர் அதைக் கண்டுபிடித்து, பிறகு நோபல் பரிசும் வாங்கினார். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பாதிப் பேர் பதறுகிறார்கள். டீச்சரிடம் நேரில் போய், மருந்து போட்டாயிற்று என்று சொல்லிவிட்டு அனுப்பு. சண்டைக்குப் போகாதே, நயமாகச் சொல்.

பேன் குடித்துக் குடித்துப் பிள்ளை வெளுத்துவிட்டாள் என்றும் சொன்னாய். வெளுப்பாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய். நம் ஊர்ப் பிள்ளைகள் வெளுப்பது பெரும்பாலும் இரும்புச்சத்து இல்லாமலும் குடல்புழுவாலும்தான். எல்லாவற்றையும் பேன் மேல் போட்டுவிட்டால் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்: சொறிந்து சொறிந்து புண்ணாகி நீர் வடிந்தாலோ, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மொட்டை அடித்தால் பேன் போகும், அதில் பொய்யில்லை. ஆனால் எட்டு வயதுப் பெண் பிள்ளை, முடி வளர்ப்பதில் எவ்வளவு ஆசை அவளுக்கு! தன் தலையில் வந்ததற்குத் தண்டனை என்றுதான் அவள் நினைப்பாள். பழனிக்கு நேர்ந்திருந்தால் அது உனக்கும் முருகனுக்கும் உள்ள கணக்கு, அதில் பேனைச் சேர்க்காதே. பாய் கட் வெட்டுவதும் பயனில்லை. ஈர் இடுவது தலைத்தோலை ஒட்டிய இடத்தில்தான், அரை விரல் நீள முடியே அதற்குப் போதும். ரெட்டை ஜடை போட்டு மடித்துக் கட்டி அனுப்பு. அது எவ்வளவோ மேல்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. நர்ஸ் வேலையில் இருந்த காலத்தில் பேனால் ஒரு பிள்ளைக்கும் பெரிய ஆபத்து வந்து நான் பார்த்ததில்லை. பேனுக்குப் போட்ட வைத்தியத்தால் வந்ததைப் பார்த்திருக்கிறேன். சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் தேய்த்துவிட்டு, கண்ணைத் திறக்க முடியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் வந்தாள். வெளிச்சத்தைப் பார்த்தாலே அலறினாள். அந்த விதை கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலை அரித்துவிடும். இயற்கை வைத்தியம், பக்கவிளைவு இல்லை என்று அதைத்தான் இப்போதும் வீடியோவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உன் மாமியார் அனுப்பியதும் அதுதானே? தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சுவதும் வேண்டாம். குழந்தை வாய்க்குக் கொஞ்சம் போனாலும் வலிப்பு வரும். மண்ணெண்ணெய் தேய்த்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்த் தீப்பிடித்த கதைகள் ஊரில் உண்டு. பயிருக்கு அடிக்கிற மருந்து, மூட்டைப்பூச்சி மருந்து, எறும்புச் சாக்பீஸ் எதுவும் தலைப்பக்கமே போகக்கூடாது. பூச்சிமருந்து தலைத்தோல் வழியாகவே உள்ளே இறங்கும், அதிலும் சொறிந்து புண்ணான தலை என்றால் கேட்கவே வேண்டாம்.

வெறும் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை. பேன் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்று மட்டும் நம்பாதே. மணிக்கணக்கில் தண்ணீரில் முக்கினாலும் தாக்குப்பிடிக்கிற ஜென்மம் அது. எண்ணெயில் அதன் ஓட்டம் குறையும், சீப்பில் சுலபமாக மாட்டும். அந்த உதவி போதும்.

செய்ய வேண்டியது இதுதான். மருந்துக் கடையில் பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் கேள். 5 சதவீதம் உள்ளது சிரங்குக்குப் பூசுவது, மாற்றி வாங்கிவிடாதே. தலைக்குக் குளிக்க வைத்து (அன்றைக்குக் கண்டிஷனர் கூடாது), துண்டால் ஈரத்தை ஒற்றிவிட்டு, வேர்க்கால் நனையப் பூசி, 10 நிமிடம் வைத்துக் கழுவு. கண்ணில் படாமல் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளச் சொல். அதன்பின் ஓரிரண்டு நாள் தலைக்கு ஊற்றாதே. மருந்து பேனைக் கொல்லும், ஈர் முழுவதையும் கொல்லாது. ஈர் பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பொரித்து வந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் அதையும் முடிக்க வேண்டும். அதனால் ஒன்பதாம் நாள் மறுபடி பூசு. இந்த இரண்டாம் தடவையைத்தான் எல்லாரும் விட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடி வந்துவிட்டது என்பார்கள். மருந்து போட்டு அரை நாள் கழித்தும் பேன் ஒன்றுகூடச் சாகாமல் அதே வேகத்தில் ஓடினால், அந்த மருந்துக்கு அது பழகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் இரண்டு பாட்டில் ஊற்றாதே, டாக்டரிடம் போ. ஐவர்மெக்டின் மாத்திரை தருவதுண்டு, ஆனால் எடை பார்த்து அவர்தான் தர வேண்டும்.

நடுவில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, ஈரத்தலையில் கண்டிஷனர் தடவி, பேன்சீப்பை வேரில் வைத்து நுனிவரை இழு. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம் இருக்கும். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஈர் இல்லை. ஊதினால் உதிர்வது பொடுகு. ஈர் முடியின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு, நகத்தால் உருவினால்தான் வரும். வேரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இருக்கிற ஈர் பெரும்பாலும் வெறும் கூடு. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், நீயே கணக்குப் பார். அதைப் பார்த்துவிட்டு மறுபடி மருந்து போடாதே.

வீட்டை ஒன்றும் புரட்டிப்போட வேண்டாம். தலையை விட்டுக் கீழே விழுந்த பேன் ஓரிரண்டு நாளில் செத்துவிடும். தலையணை உறை, போர்வை, துண்டு மட்டும் வெந்நீரில் அலசி வெயிலில் போடு. சீப்பையும் வெந்நீரில் போட்டு எடு. மெத்தைக்குக் கொசு ஸ்பிரே அடிக்காதே. எல்லார் தலையையும் ஒரே நாளில் பார்த்து, உயிர்ப்பேன் இருக்கிறவர்களுக்கு அன்றைக்கே மருந்து போடு. மாப்பிள்ளைக்கு முடி குறைவு என்று விட்டுவிடாதே. அந்த அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பாப்பாவுக்கு இருந்தது, உங்கள் பிள்ளைக்கும் பார்த்துவிடலாம் என்று சொல். சொல்கிற விதத்தில் சொன்னால் சங்கடம் இருக்காது. மருந்து பாட்டிலும் நீயே வாங்கிக் கொடு.

வேனில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று பாப்பா அழுதாளாம். போனை அவளிடம் கொடு, நான் பேசுகிறேன். அவள் அம்மா நாலாம் கிளாஸ் படிக்கும்போது எத்தனை பேன் வைத்திருந்தாள் என்று சொன்னால் அழுகை நின்றுவிடும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லாரும் வருகிறீர்கள்தானே? சித்தி பிள்ளைகளும் வருகிறார்கள், எல்லாம் ஒரே பாயில்தான் படுக்கும். வந்து இறங்கிய அன்றைக்கே வரிசையாகத் திண்ணையில் உட்கார வைத்து எல்லார் தலையையும் பார்த்துவிடுவேன், உன்னுடையதையும் சேர்த்து. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா