பொம்மை உரிமைக்கும் ஒரு பத்தி எழுதுங்கள்: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர் பெருமக்களுக்கும் தயாரிப்பாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாகப் பொம்மைக்கடை நடத்திவருகிறேன். பாட்டு உரிமை, தொலைக்காட்சி உரிமை, ஓடிடி உரிமை, பிறமொழி உரிமை என்று ஒரு படத்தின் உரிமைகள் எப்படித் தனித்தனியாக விலைபேசப்படுகின்றன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த உரிமைகளுக்கு நடுவே பொம்மை உரிமைக்கு, அதாவது படத்தின் கதைமாந்தர்களைப் பொம்மையாகச் செய்து விற்கும் அனுமதிக்கு, ஏன் இடமில்லை என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பல ஆண்டுகளாக மனத்தில் இருந்த கேள்விதான் இது. சென்ற கோடை விடுமுறையில் என் கடையில் நடந்த ஒன்று, அதை இனியும் கேட்காமல் இருக்க முடியாதபடி செய்துவிட்டது.

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையுடன் வந்தான். தந்தை கொத்தனார். உண்டியலை உடைத்து எடுத்த 240 ரூபாயைச் சில்லறையும் நோட்டுமாகக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தான். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு வாய் திறக்காமல், கணக்கு நோட்டின் பின்தாளில் பென்சிலால் வரைந்திருந்த படத்தைக் கல்லாப்பெட்டியின் மேல் விரித்துக் காட்டினான். புறாவின் முதுகில் உட்கார்ந்திருக்கும் குட்டி ரோபோ அது. சிட்டி என்ற ரோபோவை நாயகனாகக் கொண்டு 2018இல் வெளியான ‘2.0’ படத்தின் இறுதிப் பகுதியில் கூட்டம் கூட்டமாக வருமே, அந்த உருவம். படம் திரையரங்குக்கு வந்த நாளில் அவன் பிறந்திருந்தாலும் தொட்டிலில்தான் கிடந்திருப்பான். தொலைக்காட்சியில் பார்த்து ஆசை கொண்டிருக்கிறான். என்னிடம் இருந்த வெளிநாட்டுச் சாகச நாயகர்களை எடுத்து வரிசையாக வைத்தேன். அவற்றின் விலை அவனிடம் இருந்த பணத்தைப் போல மூன்று மடங்கு. அவன் அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சிட்டியோட குட்டி எங்கேயுமே கிடைக்காதா தாத்தா?” என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரிந்து எந்த மொத்த வியாபாரியிடமும் அது வந்ததில்லை என்பதை அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

பத்து நாள் கழித்து இருவரும் மறுபடியும் வந்தார்கள். ஏதோ ஒரு திருவிழாக் கடையில், பெயர் தெரியாத ரோபோ ஒன்றின் மார்பில் நடிகரின் முகத்தை ஸ்டிக்கராக ஒட்டி, அவன் தேடிய பொம்மை அதுதான் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இரண்டாம் நாளே கை கழன்று, உள்ளே இருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஐ.எஸ்.ஐ. என்ற தரமுத்திரை இல்லை, செய்தவர் யார் என்ற விவரமும் இல்லை. சிறுவனின் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. ஒட்டித் தர முடியுமா என்று தந்தை தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒட்டினாலும் கழன்றுவிடும், மறுபடியும் கையைக் கிழிக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். உண்டியல் பணம் முழுவதும் அதில் போயிற்று.

2021 ஜனவரி 1 முதல் தரமுத்திரை இல்லாத பொம்மையை விற்பது குற்றம். ஸ்டிக்கர் ஒட்டிய சரக்கு என் கடை வாசலுக்கும் பலமுறை வந்திருக்கிறது. ஒருமுறைகூட நான் இறக்கியதில்லை. அதன் விளைவு என்ன என்று நீங்களே பாருங்கள். சட்டத்துக்குக் கட்டுப்படும் கடைக்காரனிடம் உங்கள் கதாநாயகன் இல்லை. கட்டுப்படாதவனிடம் மட்டுமே இருக்கிறான். ஆகவே என் வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். குழந்தைகள் விரும்பக்கூடிய ஒவ்வொரு படத்திற்கும், முதல் நாள் ஒப்பந்தத்திலேயே பொம்மை உரிமைக்கு ஒரு பத்தி எழுதுங்கள். கொத்தனார் வீட்டுப் பிள்ளையும் வாங்கக்கூடிய விலையில், உரிமத்தோடும் தரமுத்திரையோடும் ஒரு பொம்மையாவது கடைக்கு வர வழிசெய்யுங்கள்.

இதற்கு உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களை நான் அறியாதவன் அல்லேன். பிளாஸ்டிக் பொம்மைக்கு எஃகு அச்சு வெட்ட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், லட்சங்கள் செலவாகும், பல்லாயிரம் பொம்மைகள் விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். நீங்களோ நாயகனின் தோற்றத்தை முதல் பார்வை வெளியாகும் நாள் வரை பூட்டி வைக்கிறீர்கள். வெளியீட்டுத் தேதியும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. இந்த நிலையில் எந்தப் பொம்மைக்காரர் துணிந்து அச்சு வெட்டுவார்? இது நியாயமான சிக்கல்தான். ஆனால் இதே சிக்கல் 1977இல் அமெரிக்காவில் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திற்கும் வந்தது. கென்னர் என்ற நிறுவனத்தால் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. பொம்மை இல்லாத அட்டை உறையையும் ஒரு சான்றிதழையும் விற்று, அதை நிரப்பி அனுப்பிய குழந்தைகளுக்கு அடுத்த ஆண்டு தபாலில் பொம்மைகளை அனுப்பிவைத்தார்கள். காலம் போதாமல் போனபோதும் அவர்கள் குழந்தையைக் கைவிடவில்லை. வணிகப் பொருள்களுக்கான உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார் என்பது திரைத்துறையில் எல்லோரும் அறிந்த வரலாறு.

நடிகரின் முகம் அவருடைய சொத்து, அதைப் பொம்மையில் வார்க்க அவர் அனுமதி வேண்டும் என்பது இரண்டாவது காரணம். அதிலும் எனக்கு மறுப்பில்லை. பாடகர் தலேர் மெஹந்தியின் சாயலில் பொம்மை விற்றவர்களுக்கு எதிராக 2010இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் ரஜினிகாந்த் அவர்களின் பெயரையும் சாயலையும் ஓர் இந்திப்படம் பயன்படுத்துவதற்கு சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இவை சரியான தீர்ப்புகள். ஆனால் தடுப்பதற்கு உள்ள உரிமையை மட்டும் பயன்படுத்திவிட்டு, கொடுப்பதற்கு உள்ள உரிமையை யாருமே பயன்படுத்தாமல் விட்டால், அந்த இடத்தைத் திருவிழாக்கடை ஸ்டிக்கர்தான் நிரப்பும். சம்பளமும் கால்ஷீட்டும் எழுதுகிற அதே ஒப்பந்தத்தில் பொம்மைக்கான அனுமதியையும் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நம் குழந்தைகள் வாங்க மாட்டார்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 2008இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘சோட்டா பீம்’ உருவத்தை வைத்து, ஐதராபாத்தைச் சேர்ந்த நிறுவனம் தனிக் கடைகளே திறந்தது. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகங்களும் 2022இலும் 2023இலும் வந்தபோது, குந்தவை இருக்கிறாளா, வந்தியத்தேவனின் குதிரை இருக்கிறதா என்று பெண்குழந்தைகளும் ஆண்குழந்தைகளும் என் கடையில் கேட்டார்கள். சோழர்கள் ஆண்ட பழையாறை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் கடை வைத்துக்கொண்டு, பொன்னிறக் கூந்தல் பொம்மையை எடுத்து நீட்டியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. கதை எல்லோருக்கும் பொது. ஆனால் குழந்தை கேட்பது திரையில் தான் கண்ட கொண்டையையும் நகைகளையும். அவற்றைக் கொடுக்கும் உரிமை உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

அச்சுக்கூலி அதிகம் என்றால் எஃகு அச்சு இல்லாமலே தொடங்கலாம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அத்தகைய பொருள்களை அங்கீகாரம் பெற்ற கைவினைஞர்கள் செய்தால் நான் முன்பு சொன்ன தரமுத்திரைக் கட்டாயத்திலிருந்து விலக்கும் உண்டு. காகிதக்கூழ், களிமண், மரம் ஆகியவற்றில் ஐந்நூறு பொம்மை செய்தாலும் கட்டுப்படியாகும். நவராத்திரிக் கொலுப்படியில் கிரிக்கெட் அணியே வந்து நிற்கும் ஊர் இது. அங்கே உங்கள் கதைமாந்தர்கள் மட்டும் உரிமம் பெற்று நிற்க முடியாமல் போவதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. வெளிநாட்டுப் பொம்மைக்கான இறக்குமதி வரியை அரசு 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தியிருக்கிறது. உள்நாட்டுப் பொம்மைக்கு இதைவிடச் சாதகமான நேரம் என் அனுபவத்தில் வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. குடும்பத்தோடு வாருங்கள் என்று விளம்பரம் செய்கிறீர்கள். வந்து பார்த்தால் கத்தியும் ரத்தமுமாக இருக்கிறது. பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். நாயகனின் கட்அவுட்டுக்கும் பாடல் வெளியீட்டு விழாவுக்கும் கோடிகள் செலவாகின்றன. அரை டிக்கெட்டுக்கும் முழு விலை கொடுத்து வருகிற குழந்தை வீட்டுக்கு எதை எடுத்துப்போகிறது என்று யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. கோபத்தில் சொல்லவேண்டியதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். உங்கள் படங்கள் மேல் எனக்குள்ள மதிப்பு குறைந்துவிடவில்லை. அந்தக் குட்டி ரோபோவைக் கற்பனை செய்தவர்கள் ஒரு குழந்தையின் மனத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த நோட்டுத்தாளே சாட்சி.

மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: முதல் நாள் ஒப்பந்தத்தில் பொம்மை உரிமைக்கு ஒரு பத்தி, எளியவர் வாங்கும் விலையில், உரிமம் பெற்ற ஒரு பொம்மை. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசினால் நன்றியுடையவனாக இருப்பேன். கைவினைஞர்களிடம் பேச வேண்டும் என்றால் உடன் வரவும் சித்தமாக இருக்கிறேன். சிறுவனின் அனுமதியோடு, அவன் வரைந்த படத்தின் நகலை இந்த மடலுடன் இணைத்திருக்கிறேன். புறாவின் இறக்கையை அழித்து அழித்து மூன்று முறை வரைந்திருக்கிறான். பொம்மை செய்பவருக்கு அளவு பிடிக்க அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கும்பகோணத்துப் பொம்மைக்கடைக்காரன்