மொபைலுக்குத் தனித் தளம் வேண்டுமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இணையதளம் கட்டக் கேட்டு வருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். வேண்டாம் என்பதே எங்கள் பதில். இரண்டு தளம் இருந்தால் விலையை இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். ஏதாவது ஒன்றில் விட்டுப்போகும். கூகுளும் இப்போது மொபைலில் தெரியும் பக்கத்தைப் படித்துத்தான் தேடலில் சேர்க்கிறது. மொபைலுக்கென்று நீங்கள் சுருக்கிய விவரம் தேடலிலும் கிடைக்காது.

ஒரே முகவரி, ஒரே பக்கம், திரையின் அகலத்துக்கேற்ப அடுக்கு மட்டும் மாறுவது: 2010இல் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்காட் 'ரெஸ்பான்ஸிவ்' என்று பெயரிட்ட இந்த முறையைத்தான் பரிந்துரைக்கிறோம். 320, 768, 1024 பிக்சல் (திரையை அளக்கும் அலகு) எனச் சில அகலங்களுக்கு மட்டும் அளவெடுத்து வரைகிற முறையும் உண்டு. பில் போடும் கவுன்டர் திரைபோல எந்தக் கருவி என்று முன்பே தெரிந்த இடத்துக்கு அது போதும். பொதுமக்கள் பார்க்கும் தளத்துக்கு ஒத்துவராது. எந்த அகலத்தில் திறப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலையை 320 பிக்சலில் தொடங்குகிறோம். 1280 பிக்சல் அகலத் திரையில் பார்வை குறைந்த ஒருவர் 400 சதவீதம் பெரிதாக்கினால் அவருக்குக் கிடைப்பதும் இதே 320தான். அவரைப் பக்கவாட்டில் உருட்டவைக்கக் கூடாது. பெரிதாக்குவதைத் தடுக்கும் அமைப்பை, யார் கேட்டாலும், நாங்கள் சேர்ப்பதில்லை.

பொருள் அட்டைகளுக்கு சிஎஸ்எஸ் கிரிட், அதாவது பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் முறை. ஓர் அட்டைக்குக் குறைந்தது 256 பிக்சல், இடைவெளி 16, இரு ஓரத்திலும் 16 என்று வைத்தால், 360 பிக்சல் போனில் ஒரு வரிசைக்கு ஒன்று, 768இல் இரண்டு, 1280இல் நான்கு என்று அட்டைகள் தாமாகவே அமையும். ஒவ்வொரு போன் மாடலுக்கும் தனி விதி எழுத வேண்டியதில்லை. மெனு போன்றவற்றுக்கு மட்டும் மீடியா குவெரி, அதாவது குறிப்பிட்ட அகலத்தில் அடுக்கை மாற்றச் சொல்லும் விதி, தேவைப்படும். அதை எந்த அகலத்தில் வைப்பது என்பதை உங்கள் சொற்கள்தான் முடிவு செய்யும். திரையை மெல்ல அகலமாக்கிக்கொண்டே போய், எல்லாத் தலைப்பும் ஒரே வரியில் அடங்கும் இடத்தில் வைக்கிறோம். ஆங்கில மெனு அடங்கும் அகலத்தில் 'தொடர்புகொள்ளுங்கள்' அடங்காது. இப்படிக் குறைந்தபட்ச அகலம் குறிக்காத கிரிட்டில் ஒரு நீளமான தமிழ்ச் சொல் முழு நெடுவரிசையையும் திரைக்கு வெளியே தள்ளிவிடும். நெடுவரிசையின் குறைந்தபட்ச அகலத்தைப் பூஜ்ஜியமாக்கி, சொல் உடைய அனுமதித்தால் சரியாகும். வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.6 மடங்காவது வேண்டும். இல்லையென்றால் மேல்வரியின் கீழிறங்கும் சுழி கீழ்வரிப் புள்ளியோடு நெருக்கியடிக்கும்.

வேறிடத்தில் கட்டிய தளத்தைத் திருத்தக் கொண்டுவருகிறீர்களா? பக்கத்தைப் போனின் அகலத்திலேயே காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரி அதன் நிரலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் போன் பக்கத்தை 980 பிக்சல் என்று எண்ணிச் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு அளவாகிவிடும். படிவப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகவே பெரிதாக்கிப் பக்கத்தை நகர்த்தும். முழுத்திரை உயரத்தை விஎச் (திரை உயரத்தில் நூறில் ஒரு பங்கு) அலகில் 100 என்று வைத்தால் முகவரிப் பட்டை அடிப்பக்கப் பொத்தானை மறைக்கும். பட்டை தெரியும்போது அதைக் கழித்துக் கணக்கிடும் டிவிஎச் அலகுக்கு மாற்றினால் போதும்.

அதிகத் தொல்லை தருவது, தளத்தில் படமாகப் போடச் சொல்லி நீங்கள் அனுப்பும் போஸ்டர்தான். 1200 பிக்சல் அகலப் போஸ்டரில் 24 பிக்சலில் அச்சான விலை, 360 பிக்சல் போனில் சுமார் 7 பிக்சல்தான் இருக்கும். பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானும் அதைப் படிக்காது. ஆகவே விலை, தேதி, முகவரி எல்லாவற்றையும் எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். படத்தை எழுத்தில்லாமல் தனியாகக் கொடுங்கள். மெனுத் தலைப்புகளின் இறுதிச் சொற்களை வடிவமைப்பு தொடங்கும் முன்பே தந்துவிடுங்கள். ஒப்புதல் தருமுன் உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய, சிறிய போனில் ஒருமுறை திறந்து, குறுக்காகவும் பிடித்துப் பாருங்கள்.

அன்புடன்,
வடிவமைப்புக் குழுவினர்