சண்டை நின்றதை எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தலைவர்களின் சமூக ஊடகப் பதிவுகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் வரி, வர்த்தகம், தேர்தல் எல்லாம் விரிவாக இருந்தன. இந்தியா-பாகிஸ்தான் சண்டை நின்ற 2025 மே 10 மாலைக்கு ஒரே ஒரு வரிதான். அந்த மாலையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் அதிகம். என் மகன் அப்போது ஜம்மு பக்கம் இருந்தான். மே 7 விடியற்காலை பாகிஸ்தானில் இருந்த பயங்கரவாத முகாம்களை நம் படைகள் தாக்கிய ஆபரேஷன் சிந்தூர் நடந்த பிறகு அவனிடமிருந்து போன் இல்லை. டிவியைப் போட்டால் கராச்சித் துறைமுகமே அழிந்துவிட்டது என்றெல்லாம் கத்தினார்கள். கடைசியில் அது பொய்யாகப் போனது. அதற்கப்புறம் நானும் மருமகளும் ஒரு முடிவுக்கு வந்தோம். வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரி, கர்னல் சோஃபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் இந்த மூவரும் அரசு சார்பில் டிவியில் வந்து சொல்வதை மட்டும் நம்புவது என்று.

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி வாக்கில் மருமகள் போனோடு ஓடி வந்தாள். இரவு முழுக்க அமெரிக்கா நடுவில் இருந்து பேசியதில் இந்தியாவும் பாகிஸ்தானும் உடனடிப் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்ரூத் சோஷியல் என்ற தன் சமூக ஊடகத் தளத்தில் போட்டிருந்தார். அதை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். சந்தோஷப்படலாமா கூடாதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெற்ற வயிறு அந்த நேரத்தில் என்ன பாடுபட்டிருக்கும் என்று தாய்மார்களுக்குப் புரியும்.

ஆறு மணி அளவில்தான் மிஸ்ரி வந்தார். பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் நம் இயக்குநரை போனில் அழைத்தார், மாலை 5 மணி முதல் தரை, வான், கடல் மூன்றிலும் தாக்குதலை நிறுத்த இரு தரப்பும் ஒப்புக்கொண்டன, 12ஆம் தேதி மறுபடியும் பேசுவார்கள் என்றார். மொத்தமே சில வரிகள். அமெரிக்காவின் பெயரே அதில் இல்லை.

5 மணிக்கு நின்றதை ஆறு மணிக்குச் சொன்னார்கள். நடுவில் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் கதையை வேறொருவர் எழுதிவிட்டார். 1972 சிம்லா ஒப்பந்தத்திலிருந்தே, இரு நாட்டுப் பிரச்சினையை இரு நாடுகளே பேசித் தீர்க்க வேண்டும் என்பதுதான் நம் நிலைப்பாடு. அன்று மாலை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ரூபியோ, நடுநிலையான ஓர் இடத்தில் பல விஷயங்களைப் பற்றிப் பேச இரு நாடுகளும் சம்மதித்ததாக எக்ஸ் தளத்தில் எழுதினார். பாகிஸ்தான் பிரதமர் டிரம்புக்கு அங்கேயே நன்றி சொன்னார். நம் அரசு மறுக்கும் இடத்தில் போய் நின்றது. ஜூன் மாதம் பிரதமர் மோடி டிரம்பிடம் 35 நிமிடம் போனில் பேசி, மத்தியஸ்தம் எதுவும் நடக்கவில்லை என்று தெளிவுபடுத்தியதாக அறிவித்தார்கள். டிரம்ப் அதற்குப் பிறகும் தானே நிறுத்தியதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவிலும் பலர் அப்படியே நம்புகிறார்கள். முதலில் காதில் விழுந்தது அதுதானே.

இதைவிட நல்ல முறையை நாமே கடைப்பிடித்திருக்கிறோம். 2021 பிப்ரவரி 25ஆம் தேதி இரு நாட்டு ராணுவ இயக்குநர்களும் சேர்ந்து ஒரே கூட்டறிக்கை வெளியிட்டார்கள். முந்தைய நள்ளிரவு முதல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிச் சூடு நிற்கும் என்று இரண்டு பக்கமும் ஒரே வாசகத்தைப் படித்தது. யார் நிறுத்தியது என்ற பேச்சே அன்று எங்கள் வீட்டில் வரவில்லை.

மூன்றாவது நாட்டுத் தலைவர் எப்போது பதிவு போடுவார் என்பது நம் கையில் இல்லை என்பார்கள். சரி. ஆனால் 3.35க்கு வந்த அழைப்பு அது. ஐந்து மணிக்குள் நான்கு வரி எழுதி வாசிக்க முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதைவிட என்னை வருத்தியது மறுநாள் நடந்தது. சனிக்கிழமை இரவே ஸ்ரீநகரில் வெடிச்சத்தம் கேட்டு, போர்நிறுத்தம் என்ன ஆனது என்று ஜம்மு காஷ்மீர் முதலமைச்சர் உமர் அப்துல்லாவே எக்ஸில் கேட்டார். இரவு 11 மணி வாக்கில் மிஸ்ரி மறுபடி வந்து, உடன்பாட்டைப் பாகிஸ்தான் மீறுகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை எக்ஸில் அவரைத் துரோகி என்று திட்டினார்கள். அவருடைய மகளையும் விடவில்லை. அவர் தன் கணக்கைப் பூட்டிக்கொள்ள வேண்டி வந்தது. அரசு எடுத்த முடிவை அரசு சொன்னபடி வாசித்த மனிதர் அவர்! மூன்று நாளாக எங்களுக்குத் தைரியம் கொடுத்த குரல் அது. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் சங்கங்களும் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலரும் அவருக்காகப் பேசினார்கள். முடிவை எடுத்தவர்களின் குரல்தான் அங்கே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அரசிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சண்டை 5 மணிக்கு நிற்கிறது என்றால், 5 மணிக்கே நம் அதிகாரி வந்து சொல்லட்டும். அதே நிமிடம் தூர்தர்ஷன் தமிழிலும் ஆகாசவாணியிலும் தமிழில் வரட்டும். எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர்கள் பாதிப் பேர் ரேடியோ கேட்பவர்கள்.

இப்படிக்கு,
ஒரு படைவீரரின் தாய்,
வேலூர் மாவட்டம்.