கேமரா மாட்டிய ஹெலிகாப்டர்: முதலில் சோதனைத் தாளைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டின் கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளை மேலிருந்து படமெடுக்க இப்போது பெரும்பாலும் ட்ரோனே போதும். ஆனாலும் ஊர் விட்டு ஊர் ஒரே ஓட்டத்தில் நீளக் காட்சி வேண்டும் என்பவர்கள் ஹெலிகாப்டர் தேடுகிறார்கள். வானிலிருந்து படமெடுக்க டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) தரும் அனுமதி வேறு, கேமராவை வெளியே பொருத்தியதற்கான தொழில்நுட்ப ஒப்புதல் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் முடித்துவிட்டதாக யாரும் சொல்லக் கூடாது.

மூக்கின் கீழ் தொங்கும் கேமராக் கோளம் எடைமையத்தை முன்னால் இழுக்கும். விமானி சைக்ளிக் ஸ்டிக்கை (ஹெலிகாப்டரை முன், பின், பக்கவாட்டில் சாய்க்கும் பிடியை) தன் பக்கம் இழுத்தே பறக்க வேண்டிவரும். பின்காற்றில் மிதக்கும்போது இழுக்க இடமே மிஞ்சாமல் போகலாம். அதனால் வாலில் ஈடுகட்டும் பாரம் வைப்பார்கள். கேமராவைக் கழற்றிவிட்டு அந்தப் பாரத்தை மறந்தால் தொல்லை தலைகீழாகும். டேங்க் நிறைந்தும், எரிபொருள் குறைந்தும், ஆபரேட்டர் உட்கார்ந்தும், இல்லாமலும் எடைக்கணக்கு போட வேண்டும். பக்கவாட்டில் மாட்டினால் இட, வல எடைமையமும் சேரும்.

அதிகம் கவனிக்கப்படாதது அதிர்வு. ஏஎஸ்350 ரக ஹெலிகாப்டரின் மேல்சுழலியில் 3 இறக்கைகள், நிமிடத்துக்குச் சுமார் 390 சுழற்சி. ஆக, ஹெலிகாப்டரின் உடலுக்கு நொடிக்கு ஏறத்தாழ 19 அல்லது 20 உதைகள். கேமராவைப் பிடித்திருக்கும் தாங்கியின் இயல்பதிர்வும் (தட்டினால் அது தானாக அதிரும் வேகமும்) அதே எண்ணில் விழுந்தால் படம் ஆடுவதோடு நிற்காது, போல்ட் துளையைச் சுற்றி விரிசல் தொடங்கும். தரையிலேயே தாங்கியில் அதிர்வுமானி ஒட்டி, ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். எஞ்சின் நின்று, கீழிருந்து வரும் காற்றே சுழலியைச் சுற்றவைக்கும் ஆட்டோரொட்டேஷனில் இறங்கும்போது சுழல்வேகம் மாறும் என்பதால், ஒரே வேகத்தில் பார்த்தது போதாது. ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் போல்ட்டில் இழுத்த பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது.

பறப்புச் சோதனை படிப்படியானது. முதலில் தரை ஓட்டம், பிறகு தாழ்ந்த மிதப்பு. அடுத்து 17 நாட் (1 நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வரை பக்கவாட்டிலும் பின்னாலும் நகர்த்தி, வால் சுழலியை இயக்கும் பெடலும் சைக்ளிக்கும் எல்லை தொடுகின்றனவா என்று அளப்பது. மெதுவாகச் சுற்றிப் படமெடுக்கையில் வால் சுழலி தடுமாறுவது இங்கேதான். அதன்பின் வேகத்தை 10, 10 நாட்டாக, மேல்வேகத்தில் 5, 5 ஆக ஏற்ற வேண்டும். வால் பகுதியில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டினால், கோளத்தின் பின்னெழும் குழம்பிய காற்று வாலிலுள்ள நிலைப்படுத்தித் தகட்டில் மோதுகிறதா என்பது பக்கத்தில் பறக்கும் இன்னொரு ஹெலிகாப்டரிலிருந்து தெரியும். 100 நாட் வரம்பு வேண்டுமென்றால் சுமார் 111 நாட் வரை பறந்து காட்ட வேண்டும். வேகமானிக் குழாய் மூக்கருகே இருந்தால் அது காட்டும் வேகமும் மாறியிருக்கலாம். வீடியோ டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டு ரேடியோ, திசைகாட்டி, ஜிபிஎஸ் மூன்றையும் பார்ப்பது தனி வேலை.

இவையெல்லாம் நடந்திருந்தால் விமானக் கையேட்டுடன் ஒரு துணைத்தாள் இருக்கும்: புதிய வேக வரம்பு, எடை வரம்பு, தடைசெய்த செயல்கள். ஒப்பந்தம் போடுமுன் அதையும், அன்றைய எடைக்கணக்கையும் கேளுங்கள். தாள் இல்லையென்றால் செட்டிநாட்டின் மேல் சோதித்துப் பார்ப்பது முறையல்ல. சோதனைக்கு ஆளில்லாத வெளி வேண்டும்.

நம் பக்கத்துக்கென்று சில. சித்திரை வெயிலில் 40 டிகிரி என்றால், கடல்மட்டத்திலேயே காற்று ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல மெலிந்துவிடும். குளிர்ந்த காலையில் தூக்கிய பாரத்தை நண்பகலில் நம்ப முடியாது. செம்மண் பொட்டலில் இறங்கினால் புழுதி விமானியின் கண்ணையும் எஞ்சினையும் லென்ஸையும் ஒருசேரக் கெடுக்கும். இறங்குமிடத்தை முன்கூட்டியே நனைத்து வையுங்கள். ஓட்டுக்கூரை மேல் தாழ மிதக்க வேண்டாம், கீழ்க்காற்று ஓட்டைப் பெயர்த்துவிடும். அந்தக் கோளத்தின் லென்ஸுக்கு எட்ட இருந்தே வேலைப்பாடு தெரியும்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் துறையினர் சிலர்,
காரைக்குடி