அலுமாரிக்கு மேலே இருக்கிற கொப்பி

பேர்மிங்ஹாம்,
2023 ஏப்ரல் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். நீங்களும் அம்மம்மாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கத் தான்தோன்றீஸ்வரரை வேண்டுகிறேன். வருடப்பிறப்புக்கு இன்னும் மூன்று நாள்தான். மருத்துநீர் வைக்க எனக்கு இங்கே யாரும் இல்லை. எனக்கும் சேர்த்துத் தங்கச்சியின் தலையில் வைத்துவிடுங்கள். கைவிசேஷக் காசு அனுப்பியிருக்கிறேன், அம்மம்மாவின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை போன் எடுத்தபோது, "நாலு நாள் லீவில எங்க போய் நிக்கிறாய்?" என்று கேட்டீர்கள். கதை எழுதுகிறவர்களின் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன் என்றதும் உங்கள் குரல் மாறிவிட்டது. போனில் சொல்ல வெளிக்கிட்டால் நீங்கள் இடையில் மறிப்பீர்கள், லைனும் வெட்டும். அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன். முழுவதும் வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் 81 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேனே, சக்கர நாற்காலியில் இருப்பவர், காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதே புத்தகம் வேண்டும் என்பவர். அவர் 22 வயதிலிருந்து ஈஸ்டர் விடுமுறைக்கு இந்தக் கூட்டத்துக்குத்தான் போய்வருகிறார். இந்த முறை தனியே போக உடம்பு விடவில்லை. கூட வருகிறாயா என்று கேட்டார். எனக்கான கட்டணத்தை அவருடைய மகன் கட்டினார். என் கையிலிருந்து ஒரு சதமும் போகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்தின் பெயர் ஈஸ்டர்கான். விஞ்ஞானக் கதையும் மாயக் கதையும் எழுதுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், அந்தப் புத்தகங்களுக்குப் படம் கீறுகிறவர்கள், விற்கிறவர்கள் எல்லோரும் பெரிய வெள்ளி தொடங்கித் திங்கள்வரை ஒரே ஹோட்டலில் கூடுகிறார்கள். காலையிலிருந்து இராவரை ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு பேச்சு. ஓர் அறையில் செவ்வாய்க் கிரகத்து மண்ணில் உருளைக்கிழங்கு விளையுமா என்று வாதாடுகிறார்கள். பக்கத்து அறையில், டிராகன் பறக்க வேண்டுமானால் அதன் எலும்பு எவ்வளவு பாரமாக இருக்கலாம் என்று நரைத்த தலையோடு ஒருவர் கணக்குப் போடுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை அம்மா. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்க் கூத்துத்தான். இங்கே கதவில் நிற்பவர், ஒலிவாங்கி பிடிப்பவர், கதிரை அடுக்குபவர் ஒருவருக்கும் சம்பளம் இல்லை. எல்லோரும் அங்கத்தவர்கள். ஒருவர் காலையில் மேடையில் பேசினார், பின்னேரம் தண்ணீர்ப் போத்தல் சுமந்துகொண்டு போனார். எதிர்வரும் வருடங்களில் எந்த ஊரில் கூடுவது என்பதையும் அங்கத்தவர்களே கை உயர்த்தி முடிவு செய்வார்களாம். அப்பாவுக்குக் கூத்துப் பாட்டு எழுதின சட்டம் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம்வரை ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டுக் கூத்துக் களரியில் நின்றதே, அதே பிடிப்புத்தான் இங்கேயும். தாழ்வாரத்தில் வேஷம் கட்டிக்கொண்டு நடந்தவர்களில் ஒரு வயதானவர் முதுகில் செட்டை வைத்திருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். மெல்லிய கம்பியை வளைத்து, மேலே துணி இழுத்து, ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக வெட்டி ஒட்டியிருந்தார். ஓர் இறகின் ஓரம் பிய்ந்திருந்தது, அதை வேறு நிற நூலால் தைத்திருந்தார். அப்பா கூத்தில் தருமர் வேஷம் கட்டியபோது நீங்கள் விளக்கடியில் இருந்து கரப்புடுப்பில் கண்ணாடித் துண்டு தைத்தது அப்படியே கண்ணுக்குள் வந்தது. எவ்வளவு நாள் எடுத்தது என்று கேட்டேன். ஆறு மாதம் என்றார்.

பாட்டியோடு போனதில் இன்னொன்றும் கண்டேன். எல்லா அறையிலும் முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கென்று இடம் விட்டிருந்தார்கள். ஒலிவாங்கி இல்லாமல் ஒருவர் பேசத் தொடங்கினால், காது கேட்காதவர்களும் இருக்கிறார்கள் என்று உடனே யாராவது சொல்லிவிடுகிறார்கள். நான்கு நாளும் என் பாட்டியை ஒருவரும் சுமையாகப் பார்க்கவில்லை. அவரைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தவர்களை என்னால் எண்ண முடியவில்லை.

ஞாயிறு காலை எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஈஸ்டர் ஞாயிறு, சனம் நிறைந்த மண்டபம், நேரம் ஒன்பது மணி. 2019 ஏப்ரல் 21 அன்று நான் மட்டக்களப்பு ரவுனில் நிற்க, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததென்று கேட்டு நீங்கள் மண்முனைப் பாலத்தால் ஓடிவந்தீர்களே, அது நெஞ்சுக்குள் வந்துவிட்டது. சனிக்கிழமை நீங்கள் கோபப்பட்டதன் அடியில் இருந்ததும் இந்தப் பயம்தான் என்று எனக்குத் தெரியும். பாட்டி என் கையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பேச்சுக்கு உள்ளே போகாமல், வெளியே வாவி மாதிரி சின்னதாக ஒரு குளம் இருக்கிறது, அதன் கரையில் என்னோடு ஒரு மணிநேரம் இருந்தார்.

அங்கே இருந்தபோதுதான் அவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றிச் சொன்னார். எங்கள் நாட்டில் இருந்தவர் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஆள்தான். 1937 ஜனவரி 3ஆம் திகதி லீட்ஸ் நகரத்தில் தியோசோபிக்கல் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்ததாம். விஞ்ஞானக் கதைக்காக மண்டபம் எடுத்து, நாள் குறித்து வைத்த கூட்டங்களில் உலகத்திலேயே முதலாவது அதுதான் என்று இந்த நாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். வந்தவர்கள் இருபது பேர் அளவில். அந்த இருபது பேருக்குள் 19 வயதுக் கிளார்க்கும் இருந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல, சொமர்செட்டில் ஒரு கமக்காரர் வீட்டுப் பிள்ளை. மறுகா யுத்தம் வந்தது, விமானப்படையில் ராடார் வேலை பார்த்தார். 1945 ஒக்டோபரில் ஒரு வானொலிச் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செயற்கைக் கோளை நிறுத்தினால், பூமி ஒரு தரம் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு தரம் சுற்றும். அப்போது கீழே இருந்து பார்க்கிற எங்களுக்கு அது வானத்தில் ஆணி அடித்தமாதிரி ஓரிடத்திலேயே நிற்கும். அப்படி மூன்று கோள் இருந்தால் உலகம் முழுக்க ஒலியும் படமும் அனுப்பலாம். அந்தக் காலத்தில் பூமியைச் சுற்றிவர ஒரு செம்புகூட ஏவவில்லை. 1964இல், 19 வருடம் கழித்து, அப்படியான முதல் கோள் மேலே போய் நின்றது. பாட்டி இந்தக் கூட்டத்துக்கு முதல்முதல் வந்ததும் அதே 1964இல்தான்.

அம்மா, எங்கள் கூரையில் இருக்கிற டிஷ் பார்த்துக்கொண்டிருப்பது அந்த உயரத்தைத்தான். இராவில் நீங்களும் அம்மம்மாவும் பார்க்கிற நாடகம் அங்கே போய்த் திரும்பித்தான் எங்கள் விறாந்தைக்கு வருகிறது. இங்கே நான் இருக்கிற தெருவிலும் வீட்டுக்கு வீடு டிஷ் இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் போல நிமிர்ந்து பார்க்காது. தெற்கே பார்த்துச் சாய்ந்திருக்கும். நாங்கள் நடுக்கோட்டுக்குக் கிட்ட, இவர்கள் வடக்கே தூரத்தில். ஒரு வருடமாக அதைப் பார்த்தபடி வேலைக்குப் போய்வருகிறேன், காரணம் ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது.

கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தார், கடலுக்குள் சுழியோடுகிற ஆசையில். திருகோணமலையில் கோணேசர் மலையடிக் கடலுக்குள் பழைய கோயிலின் கற்களைக் கண்டவர்களில் அவரும் ஒருவர். 2008இல் கொழும்பில்தான் கண்மூடினார். 1979இல் அவர் எழுதிய நாவல் ஒன்றில், பூமியிலிருந்து வானத்துக்கு லிப்ட் கட்டுகிறார்கள். அது நடுக்கோட்டில்தான் நிற்கும் என்பதால், கதைக்காக எங்கள் தீவை அப்படியே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி வைத்துவிட்டார். பௌதிகம் பிழைக்கக் கூடாது என்பதற்காக ஒரு நாட்டையே தூக்கி வைத்த மனிதர்! இதைத் தங்கச்சிக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

தங்கச்சி பௌதிகக் கொப்பியின் பின்பக்கத்தில் கதை எழுதியதைக் கண்டு, உயர்தரச் சோதனை கிட்ட வருகிற நேரத்தில் இது என்ன கூத்து என்று நீங்கள் கொப்பியை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டீர்கள். அவள் என்னிடம் அழுதாள். உங்களை நான் குறை சொல்லவில்லை. அப்பா போன பிறகு தனியாளாக எங்களைப் படிக்க வைக்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையை நான் வாசித்திருக்கிறேன், அவள் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவது ஏன் பௌர்ணமியில் நன்றாகக் கேட்கிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கப் போகிறாள். சந்திரனிலிருந்து வருகிற செய்தியை வாங்கி வாவி திருப்பிச் சொல்கிறது என்பதுதான் கதை. ஒலி தண்ணீருக்குள் காற்றைவிட எத்தனை மடங்கு வேகமாகப் போகும் என்று ஓரத்தில் கணக்குச் செய்து பார்த்திருக்கிறாள். கணக்குச் சரி அம்மா. அவள் படிப்பை விட்டுவிட்டு எழுதவில்லை. படித்ததை வைத்துத்தான் எழுதியிருக்கிறாள்.

திங்கட்கிழமை ஒரு மேசையில் பத்துப் பேர் இருந்தோம். நடுவில் ஒரு எழுத்தாளர். யாரும் எதையும் கேட்கலாம், பேசலாம். நான் பேசாமல் பாட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். எழுத்தாளர் என்னைப் பார்த்து, உங்கள் ஊரில் எந்தக் கதை சொல்லி வளர்ப்பார்கள் என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால், மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று சொல்வதுதான் முதலில் வந்தது. அதைச் சொல்லவில்லை. எங்கள் தான்தோன்றீஸ்வரர் கோயில் நந்தியைச் சொன்னேன். கோயிலை இடிக்கப் பறங்கியர் வந்த கதை. உங்கள் சாமிக்கு உயிர் இருந்தால் இந்தக் கல்மாடு புல்லைத் தின்னட்டும் என்று அவர்கள் சொன்னதும், ஐயர் புல்லை நீட்டியதும், கல் எழும்பி நின்று புல்லைத் தின்று சாணம் போட்டதும். அம்மம்மா சொல்கிற மாதிரியே, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். என் இங்கிலீசு அவ்வளவுதான், ஆனால் மேசையில் ஒருவரும் அசையவில்லை. சாணம் என்றதும் எழுத்தாளர் மேசையைத் தட்டினார். கதையை நம்பவைப்பது அந்தச் சாணம்தான் என்றார்.

அம்மம்மாவின் கதையை ஒருவர் இப்படிக் கேட்டதை நான் இதற்கு முன் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு இதை எழுதியபோது சிவப்பு மையால் வெட்டப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கொப்பியை எடுத்துத் தங்கச்சியிடம் கொடுத்துவிடுங்கள் அம்மா. சோதனை முடியும்வரை கிழமைக்கு ஒரு மணிநேரம், வெள்ளி இராவில் மட்டும் எழுதட்டும். அதற்கு நான் பொறுப்பு. அவளோடும் பேசிவிட்டேன், சரி என்றாள். புத்தகக் கடையில் அவளுக்கென்று இரண்டு பழைய புத்தகம் வாங்கியிருக்கிறேன், அடுத்த பார்சலில் உங்கள் கம்பளிச் சட்டையோடு வரும்.

ஒரு அலுவல். அந்த மேசையில் ஒரு பெண் கேட்டாள், புல் தின்ற பிறகு அந்த மாடு எப்போது திரும்பக் கல்லானது, படுத்துக்கொண்டா, நின்றுகொண்டா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டு எழுதுகிறேன் என்று அவளுடைய விலாசத்தை வாங்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கு இராவே அம்மம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, அவருடைய வாயில் வருகிற மாதிரியே, தங்கச்சி அந்தக் கொப்பியில் எழுதி அனுப்பட்டும்.

என்றும் உங்கள்,
மூத்த மகள்