சட்லஜைத் தாண்டி யாருடைய நிலத்தில் இறங்கினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஆங்கிலேய–சீக்கியப் போர் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால், 1845 டிசம்பரில் சீக்கியப் படை சட்லஜ் நதியைத் தாண்டி ஆங்கிலேயர் எல்லைக்குள் புகுந்ததால் போர் மூண்டது என்ற வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அது கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் சொன்ன கதை.

டிசம்பர் 13 அன்று அவர் வெளியிட்ட பிரகடனத்தையே பாருங்கள். சட்லஜின் இடது கரையில், அதாவது ஆங்கிலேயர் பக்கத்தில், சீக்கிய அரசர் மகாராஜா துலீப் சிங்குக்கு உள்ள நிலங்களைப் பறிமுதல் செய்வதாக அதில் இருக்கிறது. லாகூரிலிருந்து ஆண்ட சீக்கிய அரசுக்கு அக்கரையிலும் சொந்த நிலம் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கிழக்கிந்தியக் கம்பெனியோடு சீக்கிய அரசு செய்த 1809 ஒப்பந்தப்படி அங்கே பெரும்படை வைக்கக் கூடாதுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கம்பெனி மட்டும் சும்மாவா இருந்தது? 1843-இல் சிந்து நாட்டை விழுங்கியது. சட்லஜ் எல்லையோரப் பெரோஸ்பூரில் படையைப் பெருக்கியது. பாலம் போடத் தோதான படகுகளைப் பம்பாயில் கட்டி வரவழைத்தது. மதிலில் ஏணியைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரன் கம்பெடுத்தான் என்று புகார் சொன்ன மாதிரி.

கட்டுரையில் 'ஒழுங்கற்ற படை' என்றொரு சொல்லும் வருகிறது. ராணுவப் பணியில் பெரோஸ்பூர் பக்கம் இரண்டு குளிர்காலம் இருந்தவன் நான். டிசம்பர் மூடுபனியில் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது, துப்பாக்கி இரும்பைத் தொட்டால் விரல் விறைக்கும். அந்தக் குளிரில்தான் 21-ஆம் தேதி இரவு பெரோஸ்ஷா போர்க்களத்தில் ஆங்கிலேயப் படை தண்ணீர்கூட இல்லாமல் வெட்டவெளியில் கிடந்தது. தம்மிடம் இருந்த நெப்போலியனின் வாளை ஹார்டிஞ்ச் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவைத்த இரவு அது. அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது சீக்கியப் பீரங்கிப்படை. ஒழுங்கற்றவர்களால் முடிகிற காரியமா அது?

ஒழுங்கு கெட்டது மேலே. மறுநாள் புதுப்படையோடு வந்த சீக்கியத் தளபதி தேஜ் சிங், எதிரியிடம் குண்டு தீர்ந்துபோயிருந்த வேளையில் கொஞ்சம் சுட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். சீக்கிய அரசின் அமைச்சர் லால் சிங்கோ அதற்கு முன்பே பெரோஸ்பூரிலிருந்த ஆங்கிலேய அதிகாரியோடு ரகசியத் தொடர்பில் இருந்தவர். 1846-இல் சட்லஜ் கரையில் நடந்த கடைசிப் போரான சோப்ரானில் தேஜ் சிங் முதல் ஆளாக ஆற்றைக் கடந்து தப்பினார். படகுப் பாலம் முறிந்தது, பின்வாங்கிய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஆற்றிலேயே மாண்டார்கள். வெள்ளை உடுத்து, சாவது என்று முடிவுகட்டிக் களத்துக்கு வந்திருந்த முதிய சீக்கியத் தளபதி ஷாம் சிங் அட்டாரிவாலா அங்கேயே விழுந்தார்.

இதெல்லாம் தோற்றவர்களின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். சோப்ரானில் கம்பெனி தரப்பில் இருந்த ஜோசப் கன்னிங்ஹாம் என்ற அதிகாரி, போரைக் கம்பெனியின் நடவடிக்கைகளும் வரவழைத்தன என்றும், சீக்கியத் தலைவர்கள் தம் படையையே காட்டிக்கொடுத்தார்கள் என்றும் 1849-இல் எழுதினார். கிடைத்த பரிசு? அரசியல் பதவியைப் பறித்துப் பழையபடி ராணுவ வேலைக்கே அனுப்பிவிட்டார்கள்.

கட்டுரையாளர் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். கூடவே, சோப்ரான் போர் பிப்ரவரி 20 என்று அச்சாகியிருக்கிறது, 10 என்பதே சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
காட்பாடி.