கால் தெரியட்டும்

அன்புள்ள கயல்,

மெல்போர்னில் உங்கள் குழு எடுத்திருக்கும் புஷ்ரேஞ்சர் (ஆஸ்திரேலியக் காட்டு வழிப்பறிக்காரர்) நாடகத்துக்கு, இரும்புக் கவசம் போட்டுப் போலீஸோடு மோதிய நெட் கெல்லியின் கவசத்தை நீதான் செய்கிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. 1900-களின் தொடக்கத்தில் இ. ஐ. கோல் நாடகக் குழு மாதிரியானவர்கள் கூடாரம் போட்டு, நிஜக் குதிரைகளோடு இந்த வழிப்பறிக் கதைகளை நடித்தார்கள். இதே கதைகள் சினிமாவாகிக் கூட்டம் சேர்த்தபோது, 1912-ல் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் அந்தப் படங்களையே தடை செய்தது. அவ்வளவு பிடிப்பு ஜனங்களுக்கு.

அசல் கவசம் கலப்பையில் மண் புரட்டும் இரும்புத் தகட்டில் அடித்தது. தடிமன் சுமார் 6 மி.மீ., எடை ஏறக்குறைய 44 கிலோ. நீ 10 மி.மீ. ஈவிஏ ஃபோமில், அதாவது லேசான பஞ்சு போன்ற பிளாஸ்டிக் தகட்டில் செய். வெட்டியதும் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் சூடுகாட்டி வளை. அப்போதுதான் மேல்துளைகள் அடைபடும். ஒட்டும் பசையை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே அழுத்து. அவசரப்பட்டால் மூன்றாம் காட்சியிலேயே பிரிந்துவிடும். ஃபோம் லேசு என்பதால் நடிகர் துள்ளி நடப்பார். இடுப்புப் பட்டையில் முன்னும் பின்னும் ஒரு கிலோ மணல் பை தைத்துவிடு.

தலைக்கவசம் குரலை விழுங்கும். வாய்க்கு நேரே வெட்டி, இரும்பு நிறத்தில் வலைத்துணி ஒட்டு. கடைசி வரிசைக்கும் வசனம் கேட்கும்.

காலுக்குக் கவசம் செய்யவே செய்யாதே, கண்ணு. 1880 ஜூன் 28 விடியலில், கிளென்ரோவன் ஊரில் போலீஸோடு நடந்த மோதலில், கெல்லியின் மார்பில் பட்ட குண்டுகள் தெறித்துப் போயின. போலீஸ் காலைக் குறிவைத்ததும்தான் அவன் சாய்ந்தான். வெளிர் நிறக் கால்சட்டை போடு, பார்வையாளருக்குக் கால் தெரியட்டும். குண்டுச் சத்தத்துக்குத் திரைக்குப் பின்னால் இரும்புத் தகட்டைத் தட்டுபவர் நடிகரைப் பார்க்கும்படி நிற்க வேண்டும். அரை நொடி பிந்தினாலும் காட்சி போச்சு.

கவசத்துக்குள் ஒரு பச்சைப் பட்டுப் பட்டை, தங்க நிறக் குஞ்சத்தோடு. அவெனல் ஊர் ஓடையில் மூழ்கிய ரிச்சர்ட் ஷெல்டன் என்ற பையனைச் சிறுவயதில் கெல்லி காப்பாற்றியதற்கு அந்தப் பையனின் குடும்பம் கொடுத்தது. பிடிபட்ட அன்றும் அதைத்தான் கட்டியிருந்தான். இன்று பெனல்லா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மார்புத் தகட்டைக் கழற்றியதும் முதலில் அதுதான் கண்ணில் பட வேண்டும். அதனால் வெல்க்ரோ வேண்டாம், அந்த அமைதியில் கிழிகிற சத்தம் கேட்கும். தோல்வாரில் கொக்கி வை.

விடியலுக்குச் சிவப்பு ஒளி போட்டால் பச்சைப் பட்டு கறுப்பாகிவிடும். துணி வாங்கும் முன் ஒரு துண்டைக் கொண்டுபோய் விளக்குப் போடுகிறவரிடம் காட்டு.

அன்புடன்,
அப்பா